அப்பாவுக்கு கிண்டிலா, டேப்லெட்டா? லைப்ரரி புக்க போன்லயே எடுக்க முடியுங்களா?

தோப்புக்காரி (கொழிஞ்சாம்பாறை):

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

எங்க அப்பாவுக்கு 74 வயசு. தமிழ் மீடியம் ஸ்கூல்ல வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாச்சும் படிச்சே ஆகோணும் அவருக்கு, இல்லீன்னா தோப்புக்குப் போயி தேங்கா போடற ஆளுககிட்ட எதுக்காச்சும் சண்டை புடிச்சுட்டு வருவாரு. போன வருசம் ரெண்டு கண்ணுலயும் கேட்ராக்ட் ஆபரேசன் ஆச்சு. பார்வை நல்லாத்தான் இருக்கு, ஆனா பழைய புக்குல இருக்கற பொடி எழுத்து அரை மணி நேரத்துக்கு மேல ஓட மாட்டேங்குது, கண்ணுல தண்ணி கட்டிக்குது.

எங்கூரு வாயனசாலைல (கேரளாவுல ஊர் லைப்ரரிக்கு அப்படித்தான் பேரு) தமிழ் புக்கு ஒரு பீரோல பாதிதான். அதுல அவரு படிக்காதது ஒண்ணுமில்ல, சில புக்குல ஒட்டியிருக்கற சீட்டுல அவரு மெம்பர் நம்பரே மூணு தடவ இருக்கு. மலையாளமும் படிப்பாரு, ஆனா ராத்திரி படுக்கறதுக்கு முன்னால தமிழ்தான் வேணும்பாரு. தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு லைப்ரரில மெம்பர் ஆகலாம்னு கூட்டிட்டுப் போனேன், ஆதார்ல கேரளா அட்ரஸ் இருக்கு, லோக்கல் அட்ரஸ் இருந்தாத்தான் கார்டுன்னுட்டாங்க. பஸ்ல அரை மணி நேரந்தான் தூரம், அதுக்கே இப்படி.

டெக்ஸாஸ்ல இருக்கற என் தம்பி, "அப்பாவுக்கு ஒரு கிண்டில் (அமேசானோட ஈபுக் படிக்கற மெஷின்) வாங்கிக் குடு, லிப்பி ஆப் போட்டு லைப்ரரில இருந்து எல்லாம் ஃப்ரீயா எடுத்துக்கலாம், நான் அப்படித்தான் படிக்கறேன்"ங்கறான். நானும் லிப்பி போட்டுப் பாத்தேன், லைப்ரரி கார்டு நம்பர் கேக்குது. வாயனசாலை கார்டு நம்பர போட்டுப் பாக்கலாம்னா லைப்ரரிப் பேரே லிஸ்ட்ல வரல. சிரிக்காதீங்க.

கேக்க வந்தது என்னன்னா, கிண்டில் வாங்கறதா டேப்லெட் வாங்கறதா? லிப்பி மாதிரி இங்கிருந்து தமிழ் புக்கு கடன் எடுக்க வழி இருக்குங்களா? வாட்ஸப்ல சுத்தற திருட்டு பிடிஎஃப் மட்டும் வேண்டாமுங்க, அப்பா அதத் தொட மாட்டாரு, "எழுதுனவன் வயித்துல அடிச்சுப் படிக்கறதுக்குப் படிக்காமயே இருந்துக்கறேன்"ம்பாரு. பட்ஜெட் பதினஞ்சு பதினாறாயிரம்.

---

சித்தூர்ப்புழை:

அக்கா, சிரிக்கல, நானும் அதே மாதிரி கார்டு நம்பர் போட்டுப் பாத்தவன்தான் 😄

லிப்பிங்கறது ஓவர்டிரைவ் கம்பெனியோட ஆப். அது லைப்ரரி இல்ல, லைப்ரரிக்கு உள்ள போற கதவு மட்டும்தான். உங்க தம்பி அவரு ஊர் பப்ளிக் லைப்ரரில மெம்பரு, அந்த லைப்ரரி காசு குடுத்து ஈபுக்குக்கு லைசன்ஸ் எடுத்து வெச்சிருக்கு, அதனால அவருக்கு ஃப்ரீ. அங்கயும் சும்மா எல்லாருக்கும் ஒரே நேரத்துல குடுத்துட மாட்டாங்க, பெரும்பாலும் ஒரு லைசன்ஸ்னா ஒரு நேரத்துல ஒரு ஆள்தான் படிக்கலாம், மத்தவங்க க்யூல நிக்கோணும். பல லைசன்ஸ் ரெண்டு வருசத்துல காலாவதி ஆயிரும், லைப்ரரி மறுபடி காசு கட்டோணும். காகிதப் புக்கு மாதிரி ஒரு தடவ வாங்கி இருவது வருசம் அலமாரில வெக்கற கதையில்ல.

இன்னொண்ணு, லிப்பில எடுத்தத கிண்டிலுக்கு அனுப்பறது அமெரிக்கா லைப்ரரிகளுக்கு மட்டும்தான். வேற நாட்டு கார்டு இருந்தாலும் போன்லயோ டேப்லயோதான் படிக்க முடியும். தம்பி அவரு கார்ட அப்பாவுக்குக் குடுத்தாலும் அந்த ஊர் லைப்ரரில தமிழ் ஈபுக் எத்தன இருந்துறப் போகுது?

கிண்டில் நல்லதா கெட்டதாங்கறதுல நான் தலையிடல, அதுக்கு இங்க ஆள் இருக்கு, வருவாரு பாருங்க.

---

பாலக்காட்டு_கணவாய்:

வந்துட்டேன். கிண்டில் வாங்குங்க, யோசிக்காதீங்க.

எட்டு வருசமா கிண்டில்ல பேப்பர்வைட்ங்கற மாடல் வெச்சிருக்கேன். தோப்புல கட்டில் போட்டு மத்தியானம் பன்னெண்டு மணி வெயில்ல படிச்சாலும் காகிதம் மாதிரி தெரியும், டேப்லெட்ட அங்க கொண்டு போனா அதுல உங்க மூஞ்சியும் தென்னை மட்டையும்தான் தெரியும். சார்ஜ் வாரக்கணக்குல நிக்கும், நம்ம பக்கம் மழைக்காலத்துல கரண்டு போற போக்குக்கு இதெல்லாம் பெரிய விசயம். எழுத்த எவ்வளவு வேணா பெருசாக்கலாம். ஆபரேசன் ஆன கண்ணுக்கு இ-இங்க் (கிண்டிலோட காகிதம் மாதிரி ஸ்க்ரீன்) எவ்வளவோ தேவலாம்.

கடன் எடுக்கறதுக்கு கிண்டில் அன்லிமிடெட் இருக்கு. மாசச் சந்தா. ஒரே நேரத்துல 20 புக்கு வரைக்கும் வெச்சுக்கலாம், அதுக்கு மேல வேணும்னா ஒண்ணத் திருப்பிக் குடுத்துட்டு எடுக்கோணும், தேதி கெடு இல்ல, ஃபைன் இல்ல. 2016 டிசம்பர்ல கிண்டில்ல தமிழ் புக்கு வர ஆரம்பிச்சதுல இருந்து தமிழ் எழுத்தாளருங்க நெறைய பேரு அவங்களே நேரா போடறாங்க. சந்தாவ நிறுத்துனா எடுத்ததெல்லாம் போயிரும், அது மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

---

எருத்தேன்பதி_டீக்கடை:

கணவாய் அண்ணன் சொல்றது அவரு படிக்கற புக்குக்கு சரி. கேள்வி அவங்க அப்பா என்ன படிப்பாருங்கறது. அத யாருமே கேக்கல.

அம்மிணி, அப்பா வாத்தியாருங்கறீங்க, வாயனசாலைல தமிழ் புக்கு பூராத்தையும் முடிச்சவருங்கறீங்க. அப்படிப்பட்ட ஆளு தேடறது பழைய கதை, கட்டுரை, பயணம், இலக்கண உரை, ஊர் வரலாறு, இப்படித்தான் இருக்கும்னு நெனைக்கறேன், எங்க மாமா அப்படித்தான். அந்த மாதிரி புக்குல முக்கால்வாசி ஈபப்பா (எழுத்தப் பெருசாக்கினா வரி தானா மடங்கிக்கற ஈபுக் ஃபைல்) கிடைக்காது, ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்பாத்தான் கிடைக்கும். அதுவும் சட்டப்படியே, ஃப்ரீயாவே. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்குன எழுத்தாளர்களோட புக்கு இருக்கு. அதுபோக நம்ம நாட்டு காப்பிரைட் சட்டப்படி எழுதுனவரு காலமாகி 60 வருசம் தாண்டுனா அது எல்லாருக்கும் பொது. கல்கி 1954ல காலமானாரு, அவரு எழுத்து ரெண்டு கணக்குலயும் வந்துரும். இதயெல்லாம் படிச்சா யாரு வயித்துலயும் அடிச்சதாகாதுன்னு அப்பாகிட்ட தைரியமா சொல்லுங்க.

எங்க இருக்குன்னா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம். அப்புறம் இன்டர்நெட் ஆர்க்கைவ், டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவுக்காக ஸ்கேன் பண்ணின தமிழ் புக்கெல்லாம் அதுல கொட்டிக் கிடக்கு, ஆனா தலைப்ப கண்டமேனிக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல போட்டிருப்பாங்க, நாலஞ்சு விதமா தேடோணும். இலங்கைத் தமிழ் புக்கு, பத்திரிகைன்னா நூலகம் தளம். இதுல ஒண்ணுக்கும் கார்டு, க்யூ, ஆதார் எதும் தேவையில்ல.

இப்ப சைசுக்கு வரேன். 6 இஞ்ச் கிண்டில் ஸ்க்ரீன் ஏறக்குறைய 9 சென்டிமீட்டருக்கு 12. டெமி சைஸ் புக்கோட ஒரு பக்கம் 14க்கு 21 சொச்சம். ஸ்கேன் பண்ணின பக்கத்த அந்தச் சின்ன ஸ்க்ரீன்ல போட்டா எழுத்து அச்சுல இருந்தத விடப் பொடியாயிரும். பெருசாக்கினா ஸ்க்ரீன விட்டு வெளிய போயிரும், இடம் வலமா தள்ளித் தள்ளிப் படிக்கோணும், ஒவ்வொரு தள்ளலுக்கும் இ-இங்க் ஒரு தடவ கண்ணச் சிமிட்டும். ரெண்டு பக்கம் படிச்சா போதும், தூக்கி பரண் மேல போட்ருவாரு. 11 இஞ்ச் டேப் சுமாரா 15க்கு 24 வரும். டெமி பக்கம் அப்படியே உக்காரும், ஓரத்துல இருக்கற வெள்ளைய கிராப் பண்ணிட்டா எழுத்து அசல விடப் பெருசாவே தெரியும். டெமிய விடச் சின்னதான பழைய கிரவுன் சைஸ் புக்குன்னா இன்னும் நல்லது.

வெயில்ல தெரியாதுங்கறது வாஸ்தவம். திண்ணைல உக்காந்து படிக்கச் சொல்லுங்க.

---

பாலக்காட்டு_கணவாய்:

ஸ்கேன் பிடிஎஃப் கிண்டில்ல கஷ்டம்தான், ஒத்துக்கறேன். அத மெயில்ல அனுப்பலாம்னா 50 எம்பிக்கு மேல ஏத்தாது, வெப்சைட் வழியா 200 எம்பி வரைக்கும், சில பழைய ஸ்கேன் அதயும் தாண்டிருது.

ஆனா ஈபப்பா இருக்கறதுக்கு டேப்லெட் தேவையே இல்ல. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்னு ஒரு தளம் 2013ல இருந்து இருக்கு, எழுத்தாளருங்களே சம்மதிச்சு கிரியேட்டிவ் காமன்ஸ்ல (எல்லாரும் ஃப்ரீயா படிக்கலாம், பகிரலாம்ங்கற உரிமம்) விட்ட புக்கு, ஈபப், மோபி (கிண்டிலோட பழைய ஃபைல் வகை), 6 இஞ்ச் பிடிஎஃப்னு எல்லா வடிவத்துலயும் போடுவாங்க. மதுரைத் திட்டம்ங்கற ஃப்ரீ மின்னூல் தளம் 1998 பொங்கல்ல ஆரம்பிச்சது, சங்க இலக்கியத்துல இருந்து இருக்கு. இதுல ஈபப்ப நேரா கிண்டிலுக்கு அனுப்புங்க, மோபிய அனுப்பாதீங்க, அத வாங்கறத நிறுத்திட்டாங்க.

ஒரு குறை நானே சொல்லிடறேன். நம்ம தமிழ் வார்த்தை நீளம். 6 இஞ்ச்ல எழுத்த ரொம்பப் பெருசாக்கினா ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தைதான் வரும், ஒரு வாக்கியம் முடியறதுக்குள்ள பக்கம் திருப்பணும். எங்கம்மா "இது என்னடா தந்தி மாதிரி இருக்கு"ன்னு குடுத்துட்டாங்க. அதனால பெரிய எழுத்து வேணும்ங்கறவங்க 7 இஞ்சுக்குக் கீழ வாங்காதீங்க. அது இப்ப உங்க பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் மேலதான் வரும்னு நெனைக்கறேன்.

அப்புறம் காசு குடுத்து வாங்குன புக்க கம்ப்யூட்டர்ல இறக்கி வெச்சுக்கற வசதிய 2025 பிப்ரவரில எடுத்துட்டாங்க. அது எனக்கே வருத்தம்தான்.

---

சிங்கை_கோபாலபுரத்தான்:

நான் கோபாலபுரம், இப்ப சிங்கப்பூர்ல வேலை. இங்க தேசிய நூலகத்துல லிப்பி வழியா தமிழ் ஈபுக் எடுக்கலாம், உங்க தம்பி சொல்ற அதே ஆப்தான். ஆனா இங்க இருக்கறவங்களுக்குத்தான் கார்டு, வேலை பாஸ்ல இருக்கறவங்க வருசக் கட்டணம் கட்டோணும். என் கார்டுல எங்கப்பாவுக்கு எடுத்துக் குடுக்கலாமான்னு ஒரு தடவ யோசிச்சேன், அது விதிப்படி சரியில்லன்னு விட்டுட்டேன். உங்கப்பா கேட்டா என்னையே வெளிய நிக்க வெச்சிருப்பாரு.

ஆனா ஒரு விசயம் இருக்கு. 1965ல இருந்து 2015 வரைக்கும் இங்க வந்த தமிழ்க் கதை கவிதைய எல்லாம் ஸ்கேன் பண்ணி தேசிய நூலகத்துல சேத்தாங்க, 350 புக்குக்குப் பக்கம். நம்மூர்ல எவனும் படிச்சிருக்க மாட்டான். அப்பா மாதிரி ஆளுக்கு இதெல்லாம் புது உலகம். அதுல வெளிநாட்டுல இருந்து எதெது திறக்குதுன்னு புக்குக்கு புக்கு பாத்துக்கோங்க.

---

வாயனசாலைக்_கமிட்டி:

இந்தப் பக்கம் ஒரு வாயனசாலைல கமிட்டில இருக்கேன். தமிழ் பீரோ பாதிதான்னு படிச்சதும் கொஞ்சம் சுருக்குன்னுது, எங்க வாயனசாலைலயும் அதேதான் நெலம.

லோக்கல் அட்ரஸ் கதைக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு லைப்ரரி 1948 மெட்ராஸ் சட்டத்துல ஓடுது, சொத்து வரியோட சேத்து நூலக வரி வாங்கித்தான் நடத்தறாங்க, அதனால உள்ளூர் ஆளுக்குன்னு இருக்கறதுல நியாயம் இல்லாம இல்ல. கேரளாவுல சட்டம் வந்தது 1989லதான், ஆனா ஊர் ஊரா வாயனசாலை அதுக்கு ரொம்ப முந்தியே, 1945ல பி.என். பணிக்கர் 47 லைப்ரரிய சேத்து சங்கம் ஆரம்பிச்சாரு, அவரு நெனைவு நாள் ஜூன் 19தான் வாசிப்பு நாள். கொழிஞ்சாம்பாறைக்காரங்களுக்கு இன்னொரு வேடிக்கை, 1948ல பாலக்காடு மெட்ராஸ்ல இருந்த மலபார் ஜில்லா, சித்தூர் தாலுகா மட்டும் கொச்சி சமஸ்தானம். அந்தச் சட்டம் பாலக்காடு வரைக்கும் வந்து உங்க ஊர் வாசல்ல நின்னுருச்சு. அப்பவும் பார்டர், இப்பவும் பார்டர்.

சரி, வேலைக்கு ஆகற பேச்சு. வாயனசாலைக்கு வருசா வருசம் கிராண்ட்ல புக்கு வாங்கறோம், தமிழ்ல என்ன வாங்கறதுன்னு யாரும் லிஸ்ட் குடுக்கறதில்ல, கடைக்காரன் கட்டிக் குடுக்கறதுதான் வருது. அப்பாவ ஒரு லிஸ்ட் எழுதி உங்க வாயனசாலைல குடுக்கச் சொல்லுங்க. பெரிய எழுத்துப் பதிப்பு இருந்தா அதயும் குறிக்கச் சொல்லுங்க. சித்தூர் கவர்மென்ட் காலேஜ்ல தமிழ் டிபார்ட்மென்ட் இருக்கு, ரிட்டயர்டு வாத்தியாருன்னு நேர்ல போய்க் கேட்டா அங்க உக்காந்து படிக்கவாச்சும் விடலாம், கேட்டுப் பாருங்க. கேக்கறதுக்குக் காசா பணமா.

---

தோப்புக்காரி:

எல்லாருக்கும் நன்றிங்க. டீக்கடைக்காரண்ணா சொன்னது பலிச்சுருச்சு, "என்னப்பா படிக்கோணும்"னு கேட்டேன், இருவது புக்குப் பேரு மூச்சு விடாம சொன்னாரு, அதுல மூணு கூட இப்ப அச்சுல இல்ல.

பையனோட டேப்ப மூணு நாளைக்கு வாங்கி ஆர்க்கைவ்ல இருந்து ஒரு பயணப் புக்கு இறக்கிக் குடுத்தேன். எழுத்து நல்லா தெரியுதாம். ஆனா அவரு பக்கம் திருப்பறதுக்கு விரல வெச்சா எடுக்கவே மாட்டேங்கறாரு, காகிதத்த அழுத்திப் புடிக்கற மாதிரி வெச்சுட்டே இருக்காரு, உடனே குறுக்க ஏதோ மெனு வந்து நிக்குது, இல்லாட்டி படம் பெருசாகிக் கிடக்கு. "இது என்ன நான் கேக்காததெல்லாம் காட்டுது"ன்னு கோவம். அப்புறம் மேல இருந்து நோட்டிபிகேசன் வந்து, அதத் தொட்டு, எங்கயோ போயி, ஒரு யூட்யூப் வீடியோ ஓடிட்டிருந்துச்சு, பையன் "அப்பிச்சி ரீல்ஸ் பாக்கறாரு"ன்னு ஊரையே கூட்டிட்டான்.

இதுக்கு ஏதாச்சும் வழி இருக்குங்களா? கண்ணு களைச்சா டேப்பே வாசிச்சுக் காட்டுமாமே, அது தமிழ்ல வருங்களா?

---

எருத்தேன்பதி_டீக்கடை:

வழி இருக்கு. செட்டிங்ஸ்ல அக்சசிபிலிட்டிக்குள்ள தொட்டுப் புடிக்கற நேரம்னு ஒண்ணு இருக்கும், டச் அண்ட் ஹோல்டு டிலே, அத நீளமா வெச்சுருங்க, விரல கொஞ்ச நேரம் வெச்சிருந்தாலும் மெனு வராது. புக்கத் திறந்துட்டு ஆப் பின்னிங் போட்டுட்டா தெரியாம எதையாச்சும் தொட்டாலும் அந்த ஆப்ப விட்டு வெளிய போகாது. புக்கெல்லாம் இறக்கி வெச்சாச்சுன்னா ஏரோபிளேன் மோடுல போட்டுருங்க, நோட்டிபிகேசனும் வராது, நம்ம பக்கம் டவர் மாறி மாறி "தமிழ்நாட்டுக்கு வரவேற்கிறோம்"னு எஸ்எம்எஸ்ஸும் வராது 😄

வாசிச்சுக் காட்டறது தமிழ்ல வரும், கூகுள் குரல் ஓரளவு தேவலாம், பண்டிதத் தமிழ்னா தடுமாறும். ஆனா ஸ்கேன் பிடிஎஃப் ஒரு ஃபோட்டோதான், அதுல எழுத்துன்னு ஒண்ணும் இல்ல, அதனால வாசிக்காது. அந்த பிடிஎஃப்ப கூகுள் டிரைவ்ல ஏத்தி டாக்ஸ்ல திறந்தீங்கன்னா எழுத்தா மாத்திக் குடுக்கும், முழுப் புக்கு ஒரே மூச்சுல வராது, துண்டு துண்டாத்தான் பண்ணோணும், ணகரம் னகரம் குழப்பும்.

அதவிட நல்லது விக்கிமூலம், விக்கிபீடியா மாதிரியே யாரு வேணா திருத்தக்கூடிய ஃப்ரீ நூலகம். நாட்டுடைமை புக்கு நெறைய அங்க எழுத்தாவே இருக்கு, பக்கத்துலயே அசல் ஸ்கேனும் தெரியும், ஈபப்பாவும் இறக்கிக்கலாம். கண்ணுக்கு வேணுங்கற அளவுக்கு எழுத்தப் பெருசாக்கிக்கலாம், கேக்கவும் செய்யலாம். சிவப்புப் பக்கம்னா இன்னும் யாரும் மெய்ப்புப் பாக்கல, மஞ்சள்னா ஒருத்தர் பாத்துட்டாரு, பச்சைன்னா ரெண்டாவது ஆளும் சரின்னுட்டாரு. பச்சையாப் பாத்துக் குடுங்க.

---

தோப்புக்காரி:

ரெண்டு வாரம் கழிச்சு வரேன். 11 இஞ்ச் டேப்தான் வாங்குனோம், கணவாய் அண்ணன் மன்னிக்கோணும். விரல் வெக்கற பிரச்சின அந்த செட்டிங்ஸ்ல தீந்துருச்சு. சாயங்காலம் நாலு மணிக்குத் திண்ணை, ஆறு மணி வரைக்கும் சத்தமே இல்ல. வாயனசாலைக்கு லிஸ்ட்டும் எழுதிட்டாரு, ரெண்டு முழு நீளத் தாள்.

ஆனா விக்கிமூலத்துல பச்சைப் பக்கம் குடுக்கச் சொன்னீங்களே, அவரு பையனப் புடிச்சு சிவப்புப் பக்கத்துக்குப் போயிட்டாரு. நேத்து பாத்தா டேப் ஒரு பக்கம், மாசக் காலண்டர் கிழிச்ச தாள் ஒரு பக்கம், கையில சிவப்பு மைப் பேனா. "பதினேழாம் பக்கத்துல மூணு பிழை, ஒரு ஒற்று விட்டுப் போச்சு, யாருடா இதத் திருத்தறது"ன்னு கேக்கறாரு. நீங்களே திருத்தலாமாம்ப்பான்னு தெரியாத்தனமா சொல்லிட்டேன், இப்ப உடனே திருத்தோணும்ங்கறாரு. அதுல கணக்கு ஆரம்பிக்கறது எப்படிங்க? தமிழ்ல டைப் பண்ண அவருக்கு எந்தக் கீபோர்டு சுலபம்? தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிருக்காரு, அது உதவுமான்னு கேக்கச் சொன்னாரு.

---

எருத்தேன்பதி_டீக்கடை:

தாராளமா உதவும். டைப்ரைட்டர் வரிசையிலயே தமிழ் கீபோர்டு இருக்கு. ஒரு சின்ன ப்ளூடூத் கீபோர்டு வாங்கிருங்க, கணக்கு ஆரம்பிக்கறதுக்கு ஞாயித்துக்கிழமை நானே நேர்ல வரேன், வேலந்தாவளம் வழியா வந்தா அரை மணி நேரம். அந்தக் காலண்டர் தாளத் தூக்கிப் போட்டுராதீங்க.